நம் தொகுதியின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: மாவட்டத் தேர்தல் அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கன்னியாகுமரி மாவட்டத் தேர்தல் அலுவலர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜனவரி 25, தேசிய வாக்காளர் தினம் வந்தால் பேரணி, கோலப்போட்டி, உறுதிமொழி எல்லாம் நடக்கின்றன. நல்ல காரியம்தான். ஆனால் நாளை ஓட்டுப்போடப் போகும் பிள்ளைகளிடம், இந்தக் கன்னியாகுமரி மக்களவைத் தொகுதி இதுவரை யார் யாரை டெல்லிக்கு அனுப்பியது என்று யாரும் சொல்வதில்லை. அதைச் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

2008 தொகுதி மறுசீரமைப்பு வரை இதன் பெயர் நாகர்கோவில் தொகுதி. முதல் பொதுத்தேர்தலின்போது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. தமிழகத்தோடு இணைய வேண்டும் என்று போராடிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸின் மார்ஷல் நேசமணி வென்றார். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு சேர்ந்தன. பின்னாளில் காங்கிரஸில் நின்ற நேசமணி, திமுக அலை வீசிய 1967-லும் ஜெயித்தார். மறு ஆண்டே காலமானார்.

அந்த இடத்துக்குத்தான் காமராஜர் வந்தார். சொந்த ஊரான விருதுநகர் 1967 சட்டமன்றத் தேர்தலில் அவரைத் தோற்கடித்திருந்தது. 1969 இடைத்தேர்தலில் திமுக ஆதரவோடு சுதந்திராக் கட்சியின் டாக்டர் மத்தியாஸ் எதிர்த்து நின்றார். நம் ஊர் மக்கள் 1,28,000-க்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் காமராஜரை ஜெயிக்க வைத்தார்கள். 1971-இல் தமிழகத்தில் அவரது ஸ்தாபன காங்கிரஸுக்குக் கிடைத்த ஒரே மக்களவை இடமும் இதுதான். ஒரு பெருந்தலைவர் விழுந்த நேரத்தில் அவரைத் தாங்கிப் பிடித்த தொகுதி என்பதில் எனக்குப் பெருமை உண்டு. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கே இது தெரியாது என்பதில் வருத்தமும் உண்டு.

1977-இல் குமரி அனந்தன். அப்புறம் 1980 முதல் 1998 வரை டென்னிஸ் தொடர்ந்து ஆறு முறை வென்றார். கடைசி இரண்டும் தமிழ் மாநில காங்கிரஸ் (த.மா.கா.) சார்பில். அதற்குப் பிறகு பாருங்கள்: 1999-இல் பாஜக, 2004-இல் மார்க்சிஸ்ட், 2009-இல் திமுக, 2014-இல் மறுபடி பாஜக, 2019-இல் காங்கிரஸ். அடுத்தடுத்து ஐந்து தேர்தலில் எந்தக் கட்சியையும் இரண்டாம் முறை தொடர விடவில்லை. 2014-இல் அதிமுக 37 இடங்களை அள்ளியபோதும் இங்கே பாஜக. அதிமுக இந்த மக்களவைத் தொகுதியில் இதுவரை வென்றதே இல்லை. 'சாதியும் மதமும் பார்த்துப் போடுகிற ஓட்டு' என்று நம் தொகுதியை ஒற்றை வரியில் முடித்துவிடுகிறார்கள். அவை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது மட்டுமே கணக்கு என்றால், அதே மக்கள் இத்தனை கட்சிகளை மாற்றி மாற்றி அனுப்பியது எப்படி?

ஆகவே கேட்பது இதுதான். 1952 முதல் 2024 வரை எல்லாத் தேர்தல் முடிவுகளையும், இரண்டு இடைத்தேர்தல்களையும் சேர்த்து, தமிழில் தொகுத்துத் தாருங்கள். வென்றவர் பெயர் மட்டும் போதாது. தோற்றவர், கட்சி, வாக்கு, சட்டமன்றத் தொகுதிவாரி விவரம் எல்லாம் வேண்டும். நூலகங்களிலும் பள்ளிகளிலும் வையுங்கள். அடுத்த ஜனவரி 25-க்குள் கிள்ளியூர் முதல் கன்னியாகுமரி வரை ஆறு சட்டமன்றத் தொகுதிகளிலும் தொகுதிக்கு ஒரு பள்ளியிலாவது இதைத் தொடங்கினால் போதும்.

இப்படிக்கு,
கன்னியாகுமரி தொகுதி வாக்காளர் ஒருவர்