அது வெனிசுவேலாப் பூச்சி இல்லை, நம் பட்டுப்பூச்சி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு சிறுவர் பக்கத்தில் ‘வெனிசுவேலாவின் பூடில் அந்துப்பூச்சி’ என்று ஒரு வண்ணப்படம் போட்டிருந்தீர்கள். பேத்தி தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். பார்த்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது நம் பட்டுப்பூச்சி. பட்டுப்பூச்சி முட்டை தயாரிக்கும் வித்தகம் ஒன்றில் 22 வருடம் ஆண் வேறு, பெண் வேறாகப் பூச்சி பிரித்த கை இது. எனக்குத் தெரியாதா?

படத்தை நன்றாகப் பாருங்கள். இறக்கைக்கு வெளியே வயிறு பிதுங்கி நிற்கிறது, மடிப்பு மடிப்பாக. முட்டை நிறைந்த பெண் பூச்சி. இணை பிரித்துத் தாளில் விட்டால் நானூறு, ஐந்நூறு முட்டை வைக்கும். அப்புறம் அந்தத் தாய்ப்பூச்சியை அரைத்து, பெப்ரின் நோய் இருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். இறக்கை இருந்தும் பறக்கத் தெரியாத ஜீவன் அது. அதைப் போய் வெனிசுவேலாவுக்கு அனுப்பிவிட்டீர்களே!

உங்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. மருமகன் செல்போனில் தேடிக் காட்டினார். அந்தப் பெயரைப் போட்டால் பட்டுப்பூச்சியும், கம்பளியில் செய்த பொம்மையும்கூட வருகின்றன. நிஜப் படத்தை எடுத்தவர் ஆர்தர் ஆங்கர். அவர் இறால் வகைகளை ஆராய்கிறவர் என்பதுதான் வேடிக்கை. 2009இல் வெனிசுவேலாவின் கிரான் சபானா பகுதியில் எடுத்த படம், 2012இல்தான் இணையமெங்கும் பரவியது.

அந்த நிஜப் பூச்சியும் அழகுதான், மறுக்கவில்லை. கழுத்தைச் சுற்றி அப்போதுதான் அடித்துப் போட்ட பஞ்சு மாதிரி வெள்ளை மயிர். கால்களிலும் அதே பஞ்சு. நடுவில் பெரிய கரிய கண்கள் இரண்டு. உணர்கொம்பு மட்டும் பழுப்பாக, சீப்புப் பல் போல. நம் பூச்சிக்கும் சீப்புக்கொம்புதான். ஏமாறுகிறவர்கள் அங்கேதான் ஏமாறுகிறார்கள் என்று நினைக்கிறேன். பூடில் என்பது சுருட்டைமுடி நாயைப் பார்த்து வைத்த செல்லப்பெயர். ஆர்டேஸ் என்ற அந்துப்பூச்சிப் பேரினத்துக்கு உறவாக இருக்கலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு.

பேத்தி உங்கள் படத்தை வெட்டி, ‘வெனிசுவேலா’ என்று எழுதி நோட்டில் ஒட்டிவிட்டாள். நான் சொன்னால் கேட்கவில்லை, ‘பேப்பர்லயே போட்டிருக்கு’ என்கிறாள். வரும் ஞாயிறு சரியான படத்தை அதே அளவில் போடுங்கள். மேலேயே ஒட்டிக்கொள்வாள்.

இப்படிக்கு,
வித்தகத்தில் வேலை பார்த்த ஒரு வாசகி,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்