சாரல் காலத்தில் மீந்த விதை

ஆசிரியருக்கு வணக்கம்.

விதைத்தது போக மீந்த காய்கறி விதைகளை உறையோடு ஃபிரிட்ஜில் வைத்தால் மறுவருடமும் முளைக்கும் என்று தங்கள் வேளாண் பக்கத்தில் ஒரு குறிப்பு வந்திருந்தது. அது பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டால், செங்கோட்டை, புளியரை, தென்காசி வட்டாரத்தில் அதை நம்பி வைக்கிறவர்களுக்கு விதையும் போகும், விதைக்கிற பட்டமும் போகும். வைகாசி கடைசியில் தொடங்கும் சாரல் ஆவணி வரை நிற்கிற ஊர் இது. துவைத்த துணி உலராத வீட்டில் விதை மட்டும் உலர்ந்தே கிடக்காது.

விதை, சுற்றியிருக்கும் காற்றுக்கு ஏற்ப ஈரத்தை இழுக்கும், விடும். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டில் நின்றால் மாவுச்சத்துள்ள விதைகளின் ஈரம் மெல்ல ஏறி 14 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். சாரல் நாட்களில் நம் பக்கத்துக் காற்று அதற்கும் மேலே போகும். ஈரம் ஏறிய விதை மூச்சு விடுவது கூடும், பூஞ்சை பிடிக்கும், முளையின் வீரியம் குறையும். ஹாரிங்டன் என்ற விதையியல் அறிஞர் வகுத்த தோராயக் கணக்கு ஒன்று உண்டு: விதையின் ஈரம் ஒரு விழுக்காடு குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், வைக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் இரட்டிக்கும். ஈரம் ஏறத்தாழ 5 முதல் 14 விழுக்காடு வரை இருக்கும் விதைகளுக்கே இது பொருந்தும். அப்படிப் பார்த்தால் 12 விழுக்காட்டிலிருந்து 8க்கு உலர்த்தினாலே 16 மடங்கு ஆயுள். மின்சாரச் செலவு இல்லை. முதலில் உலர்த்தல், பிறகு காற்றுப் புகாமல் மூடல், கடைசியில்தான் குளிர்ச்சி. குறிப்பில் கடைசியது மட்டும்தான் இருந்தது.

விதை மீந்துபோவதும் இயல்புதான். ஒரு கிராமில் தக்காளி விதை ஏறத்தாழ 300 இருக்கும். 10 கிராம் பாக்கெட் வாங்குகிற வீட்டுத்தோட்டக்காரர் 20 நாற்று போட்டுவிட்டு மீதியை உறையின் வாயை மடித்து அலமாரியில் செருகிவிடுகிறார். ஆறு மாதம் கழித்து உறையிலுள்ள தேதியைப் பார்த்து, செத்துவிட்டது என்று குப்பையில் போடுகிறார். அரசுச் சான்று பெற்ற விதையின் அட்டையில் உள்ள காலாவதி, சோதித்த நாளிலிருந்து 9 மாதம் என்று விதிப்படி குறிப்பது. அட்டையில் சொன்ன முளைப்புத்திறனுக்கு அதுவரைதான் பொறுப்பு என்று பொருள். அன்றைக்கே விதை சாவதில்லை. நன்றாக உலர்ந்த கத்தரி, தக்காளி விதைகள் அதைத் தாண்டி மூன்று நான்கு வருடம் முளைக்கும். வெங்காய விதையோ ஒரு வருடத்திலேயே தளர்ந்துவிடும். நம் பக்கத்தில் திறந்து வைத்தால் ஒரு சாரல்கூடத் தாங்காது. மிளகாய்க்கும் வெண்டைக்கும் இரண்டு வருடம், தட்டைப்பயறு, அவரைக்கு மூன்று, பாகல், புடல், பீர்க்கு, சுரை, பூசணிக்கு நான்கு என்று வைத்துக்கொள்ளலாம். இவை சரியாக உலர்த்தி மூடினால் கிடைக்கும் கணக்கு. காகித உறையில் கிடப்பதற்குப் பொருந்தாது.

தைப் பட்டத்துக்குப் பிரித்த பாக்கெட் என்றால் வேலை எளிது. மாசி, பங்குனியில் காற்றே உலர்ந்திருக்கும். காலை 8 முதல் 11 வரை, பிறகு மாலை 3க்கு மேல், துணியில் மெல்லப் பரப்பி இரண்டு நாள் காயவைத்து அன்றே மூடிவிட வேண்டும். உச்சி வெயிலும் தகரமும் சிமெண்டுத் தளமும் வேண்டாம். ஈரமுள்ள விதையைச் சூடான தளத்தில் கொட்டினால் உள்ளிருக்கும் முளை வெந்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பூசணி, சுரை விதையை விரலால் மடித்துப் பாருங்கள். டக்கென்று ஒடிந்தால் உலர்ந்தது, வளைந்தால் இன்னும் ஈரம்.

ஓணச் சந்தைக்கென்று பயிர் வைத்து, சாரலுக்குள் பாக்கெட் பிரித்தவர்களுக்கு வெயில் கிடைக்காது. அவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் குருணை. விதையின் எடைக்குச் சமமாக எடுத்து, விதையைத் துணிப் பையிலோ காகித உறையிலோ போட்டு இரண்டையும் ஒரே பாட்டிலில் இறுக மூடி ஒரு வாரம் வையுங்கள். பூசணி, பயறு போன்ற பெரிய விதைக்குப் பத்து நாளுக்கு மேல் ஆகும். நீலக் குருணை ரோஸ் நிறமானால் ஈரம் குடித்து நிறைந்துவிட்டது. அதைச் சூடேற்றி மறுபடி நீலமாக்கலாம், ஆனால் நீல நிறம் தருவது கோபால்ட் உப்பு. சமையல் பாத்திரத்தில் வறுக்கக் கூடாது.

இரண்டாவது வழி வறுத்த அரிசி. விதையைப் போல் இரண்டு மூன்று மடங்கு பச்சரிசியை வாணலியில் லேசாகச் சிவக்கும்வரை வறுத்து, சூட்டோடு எவர்சில்வர் சம்படத்தில் கொட்டி மூடி ஆறவிடுங்கள். திறந்து ஆறவிட்டால் ஆறுகிற நேரத்திலேயே காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும். சூடாகக் கண்ணாடியில் கொட்டினால் விரிசல் விடும். முழுக்க ஆறிய பிறகு விதை உறையை உள்ளே வைத்து இரண்டு வாரம் மூடி வைக்க வேண்டும். சூடு மிச்சமிருக்கும்போது விதையைப் போட்டால் அது உலர்த்தல் ஆகாது, வறுவல் ஆகும். கடை விதைகளில் சிவப்பு, நீல நிறத்தில் பூசியிருப்பது திராம் போன்ற பூஞ்சைக்கொல்லி. ஆகவே அந்த அரிசியைச் சமைக்கவோ கோழிக்குப் போடவோ கூடாது. பாட்டில் மேல் ‘மருந்து விதை’ என்று எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

அடுத்தது பாத்திரம். மெல்லிய பாலித்தீன் கவர் தண்ணீரைத் தடுக்கும், நீராவியை நெடுநாள் தடுக்காது. ரப்பர் வாஷர் வைத்த கண்ணாடி பாட்டில், அல்லது ஓரம் உருக்கி ஒட்டிய அலுமினிய ஃபாயில் உறைதான் சரி. மூடியை நம்பலாமா என்று பார்க்க, வெறும் பாட்டிலை இறுக மூடித் தண்ணீருக்குள் அமுக்குங்கள்; குமிழி வந்தால் வேறு பாட்டில் தேடுங்கள். வாரத்துக்கு நாலு தடவை திறக்கிற ஒரே பெரிய பாட்டிலைவிட, பயிருக்கு ஒன்றாகச் சின்னச் சின்னப் பாட்டில் நல்லது. ஒவ்வொன்றிலும் பயிர், ரகம், சோதித்த தேதி, மூடிய தேதி எழுதிய சீட்டை உள்ளேயே போடுங்கள். வெளியே ஒட்டினால் சாரலில் மை கரைந்துவிடும்.

இவ்வளவும் செய்த பிறகு ஃபிரிட்ஜ். உள்ளே குளிர்ச்சி உண்டு, ஈரமும் உண்டு; காகித உறை அங்கே நமத்துப் போகும். மூடிய பாட்டிலைக் கதவில் வைக்காமல் உள் தட்டில் வையுங்கள், கதவுப் பக்கம் சூடு ஏறி இறங்கும். பலரும் கோட்டை விடுவது வெளியே எடுக்கும்போதுதான். குளிர்ந்த பாட்டிலை உடனே திறந்தால் விதை மேல் நீர் கோத்துவிடும். இரவு எடுத்து வைத்து, மறுநாள் காலையில் திறங்கள். ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள் வருந்த வேண்டாம். உலர்த்தி மூடிய பாட்டில், தரையோடு ஒட்டாத நிழலான மூலையில் ஒரு வருடம் நன்றாகவே தாங்கும்.

தட்டைப்பயறுக்கும் அவரைக்கும் இன்னொரு பகை பயறு வண்டு. வயலிலேயே காயின் மேல் முட்டையிட்டுவிடும், ஆகவே இறுக மூடினாலும் உள்ளிருந்தே பொரித்து வரும். சொந்தக் காயில் எடுத்த பயறு விதை என்றால் நன்கு உலர்த்தி, மூடி, ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்து எடுத்தால் முட்டை செத்துவிடும். ஈரமுள்ள விதையை ஃப்ரீசரில் வைத்தால் உள்ளே பனி கட்டி விதையும் சேர்ந்து சாகும். ஃப்ரீசர் இல்லையென்றால் கிலோவுக்கு 10 கிராம் வசம்புப் பொடி கலக்கலாம்.

சாம்பலில் புரட்டுவது, அடுப்புக்கு மேலே பீர்க்கங்காயை முழுசாகத் தொங்கவிடுவது, சுரைக்குடுக்கையில் விதையை அப்படியே விடுவது எல்லாம் விறகடுப்பு எரிந்த வீட்டில் சரியாக வேலை செய்தவை. புகையும் சூடும் தினமும் அங்கே ஈரத்தை விரட்டின. இன்று கேஸ் அடுப்புச் சமையலறையில் தொங்குகிற பீர்க்கங்காய் ஆவணிக்குள் பூஞ்சை பூத்துவிடும். திறந்த சட்டியில் இருக்கும் சாம்பலும் சாரலில் நமத்துப் போகும். பழைய முறைதான் என்று பிடித்துக்கொள்பவர்கள் சாம்பலைச் சூடேற்றி, ஆறவைத்து, மூடிய பாட்டிலில் கலக்கட்டும்.

வீரிய ஒட்டுரகப் (ஹைப்ரிட்) பாக்கெட்டில் மீந்த விதையை வைத்து விதைக்கலாம், அதில் குற்றமில்லை. அந்தச் செடியின் பழத்திலிருந்து எடுத்த விதைதான் தாயைப் போல வராது. காய் பல விதமாகப் பிரியும். இன்னும் சிலவற்றை உலர்த்தவே கூடாது: பலா, மா, கறிவேப்பிலைக் கொட்டைகள் உலர்ந்தால் செத்துவிடும், எடுத்த கையோடு ஊன்ற வேண்டும். சௌசௌவை முழுக் காயாகத்தான் நடுவது.

விதைப்பதற்கு முன் 20 விதையை ஈரத் துணியில் வரிசையாக வைத்துச் சுருட்டி, பிழிந்த ஈரத்தில் வையுங்கள். முளைத்த ஒவ்வொன்றும் 5 விழுக்காடு. தட்டைப்பயறு 8 நாளில், வெங்காயம் 12 நாளில், தக்காளி, கத்தரி, மிளகாய், பாகல் வகை 14 நாளில் கணக்குத் தெரியும். வெண்டை பிந்தும், 21 நாள் வரை பார்க்க வேண்டும். உலர்ந்தால் தோல் இறுகும், முதல் நாள் இரவே ஊறப்போடுங்கள். புதிதாக எடுத்த பாகல், சுரை, கத்தரி விதை உறக்கத்தில் இருக்கும், சில வாரம் கழித்துச் சோதித்தால்தான் உண்மை வரும். சான்று விதைக்கே குறைந்தபட்ச முளைப்பு மிளகாய்க்கு 60, வெண்டைக்கு 65, தக்காளி, கத்தரி, வெங்காயத்துக்கு 70 விழுக்காடுதான். ஆகவே 70 வரவேண்டிய இடத்தில் 35 வந்தால் இரண்டு மடங்கு போடலாம். ஆனால் பழைய விதை பிந்தி, நோஞ்சானாக வரும். மேட்டுப்பாத்தியில் நாற்றழுகலுக்கு முதலில் விழுவது அதுதான். குழித்தட்டில் குழிக்கு இரண்டாகப் போட்டு ஒன்றைக் களையுங்கள். 35க்கும் கீழே போனதை நாங்கள் வைத்துக்கொள்வதில்லை.

அதிக அளவில் மிச்சம் வைத்திருப்பவர்கள் அரசு விதைப் பரிசோதனை நிலையத்துக்கு மாதிரி அனுப்பலாம். முளைப்புக்கான மாதிரியைத் துணிப் பையிலும், ஈரம் பார்க்கும் மாதிரியைக் காற்றுப் புகாத தடித்த கவரிலும் தனித்தனியாக அனுப்புங்கள். இரண்டையும் துணிப் பையில் அனுப்பினால், உங்கள் விதையின் ஈரத்துக்குப் பதில் பஸ்ஸில் வந்த காற்றின் ஈரம்தான் சீட்டில் எழுதி வரும்.

இப்படிக்கு,
காய்கறி நாற்றங்கால் நடத்துவோர்,
செங்கோட்டை வட்டம், தென்காசி மாவட்டம்