தென் சென்னை அபார்ட்மெண்ட் அசோசியேஷன்களுக்கு ஒரு திறந்த மடல்

வேளச்சேரி, பள்ளிக்கரணை, மேடவாக்கம், பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் பக்கம் இருக்குற எல்லா குடியிருப்போட தலைவர், செயலாளர், பொருளாளர், வாட்ஸ்அப் குரூப் அட்மின் எல்லாருக்கும் வணக்கம்.

நானும் உங்கள்ல ஒருத்தன்தான். மந்தைவெளில பொறந்து வளந்து வேளச்சேரிக்கு குடிவந்தவன், உங்கள மாதிரியே மெயின்டனன்ஸ் கட்டி, வெயில் காலத்துல தண்ணி லாரிக்கு காத்துக்கிடந்து, டிசம்பர் மழை வந்தா பார்க்கிங்ல இருந்து வண்டிய எடுத்து பாலத்து மேல நிறுத்துற ஆளு. அதனால வெளியாள் வந்து புத்தி சொல்றான்னு நினைக்காதீங்க.

2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. சாயங்காலம் நாலரை மணி இருக்கும், வோட்டு போட்டுட்டு வந்து லிஃப்ட்ல ஏறுறேன், என்னோட சேத்து ஏழு பேரு. கண்ணு தானா எல்லார் விரலையும் பாக்க போயிடுச்சு. மை இருந்தது ரெண்டு பேர் விரல்ல, அதுல ஒண்ணு என்னோடது. பக்கத்துல நின்ன தம்பி, என் வோட்டு கோயம்புத்தூர்ல இருக்கு அங்கிள், டிக்கெட் கிடைக்கலன்னாரு. நாலாவது மாடி அம்மா, பூத் வரைக்கும் போனேன், லிஸ்ட்ல பேரே இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்கன்னு சொல்லும்போது அவங்க கண்ணு கலங்கிருச்சு. இவங்கள சோம்பேறின்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா அன்னைக்கு ராத்திரி டிவில தென் சென்னைய பத்தி பேசும்போது அப்படித்தான் பேசினாங்க. கடைசியா வந்த கணக்கு 54 சதவீதம், தமிழ்நாடு முழுக்க பாத்தா 70-ஐ தொடப்போகுது. 2019-ல நம்ம தொகுதி 57 இருந்துச்சு, அதுல இருந்தும் இறங்கிட்டோம்.

இது எந்த தொகுதின்னு நமக்கு மறந்து போச்சோன்னு எனக்கு ஒரு ஆதங்கம். அதனால கொஞ்சம் பழசு பேசுறேன், பொறுத்துக்கங்க.

1957-ல இந்த தொகுதி ஜெயிக்க வெச்சது டி.டி.கிருஷ்ணமாச்சாரிய, அப்போ அவரு நாட்டோட நிதியமைச்சர். எல்.ஐ.சி. பணத்த ஒரு தொழிலதிபரோட கம்பெனிகள்ல போட்ட முந்த்ரா விவகாரத்துல 1958-ல அவர் பதவி விலகினத நீங்க எங்கயாவது படிச்சிருப்பீங்க, அந்த நிதியமைச்சர் நம்ம எம்.பி. அதுக்கு அடுத்த தேர்தல்லயே, 1962-ல, காத்து இன்னும் காங்கிரஸ் பக்கம்தான் அடிச்சுது, காஞ்சிபுரத்துல அண்ணாவே சட்டமன்றத்துக்கு தோத்துப்போன தேர்தல் அது, ஆனா தென் சென்னை திமுகவோட நாஞ்சில் மனோகரன டெல்லிக்கு அனுப்புச்சு. ஊரு ஒரு பக்கம் போனா நாங்க யோசிச்சுத்தான் போவோம்னு இந்த தொகுதி காட்டுன மொத தடவை அதுதான்னு நான் நினைக்கிறேன்.

1967 பத்தி எங்க அப்பா சொல்லாத நாளே இல்ல. அவருக்கு அதான் மொத வோட்டு, அப்பல்லாம் 21 வயசு ஆகணும். மந்தைவெளில எந்த சுவத்த பாத்தாலும் காவிக்கல்லுல வரைஞ்ச உதயசூரியன், கழுத்துல கட்டோட எம்ஜிஆர் போஸ்டர், ரூபாய்க்கு மூணு படி லட்சியம் ஒரு படி நிச்சயம்னு தெருத்தெருவா கோஷம். அப்பா ஷிஃப்ட் முடிஞ்சு தூங்காம நேரா போய் வரிசைல நின்னாராம். அண்ணா நின்னது எந்த சட்டமன்ற தொகுதிலயும் இல்ல, நம்ம தென் சென்னை நாடாளுமன்ற தொகுதில. எம்.பி.யா ஜெயிச்சாரு, ஆட்சியும் கைக்கு வந்துடுச்சு, மார்ச் 6-ம் தேதி முதலமைச்சரா பொறுப்பேத்து, அப்புறம் எம்.பி. பதவிய விட்டுட்டு மாநில சட்ட மேலவைக்கு போனாரு. அந்த இடைத்தேர்தல்ல நின்னு மொத தடவையா பார்லிமெண்ட் போனவர் முரசொலி மாறன், 1971-லயும் அவரே. நான் போட்ட வோட்டுல ஒரு முதலமைச்சர் வந்தாருன்னு அப்பா சாகுற வரைக்கும் சொல்லிட்டு இருந்தாரு.

1977-ல எமர்ஜென்சிக்கு அப்புறம் வடக்கே காங்கிரஸ வேரோட சாய்ச்சாங்க, தமிழ்நாடு வேற மாதிரி ஓட்டு போட்டுச்சு, தென் சென்னை காங்கிரஸ்ல நின்ன ஆர்.வெங்கட்ராமன எடுத்துச்சு, 1980-லயும் அவரத்தான். நிதியமைச்சர், பாதுகாப்பு அமைச்சர், துணை ஜனாதிபதி, 1987-ல ஜனாதிபதி. சின்ன வயசுல எனக்கு இது எதுவும் புரியல, ஆனா அவர் ஜனாதிபதி ஆன அன்னைக்கு எங்க தெரு பெரியவங்க சொந்தக்காரன் கல்யாணம் மாதிரி பேசிட்டு நின்னது ஞாபகம் இருக்கு.

1984-ல இந்திரா காந்தி இறந்த ரெண்டே மாசத்துல தேர்தல், காங்கிரஸ்ல நடிகை வைஜயந்திமாலா பாலி நின்னாங்க, எதிர்ல இரா.செழியன், பார்லிமெண்ட்ல எந்த விதிய கேட்டாலும் சொல்லக்கூடிய மனுஷன். ஜெயிச்சது வைஜயந்திமாலா. அது தப்பு சரின்னு நான் சொல்ல வரல, ஆனா இரா.செழியன் மாதிரி ஒருத்தர விட்டுட்டோமேங்குற வருத்தம் எனக்கு இன்னமும் இருக்கு.

என் மொத வோட்டு 1989 நவம்பர். வோட்டு வயச 18 ஆக்குன பிறகு வந்த மொத பார்லிமெண்ட் தேர்தல், எனக்கு 19. பெரிய வாக்குச்சீட்ட கையில குடுத்து, முத்திரைய அழுத்தி குத்து, மை அடுத்த சின்னத்துல ஒட்டாம மடிச்சு போடுன்னு அப்பா முந்தின நாள் ராத்திரி நியூஸ் பேப்பர வெச்சு ரெண்டு தடவை மடிச்சு பழக்குனாரு. கை நடுங்கிட்டே குத்துனேன். அந்த வருஷம் ஜனவரில மாநிலத்த திமுகவுக்கு குடுத்த ஜனங்க, நவம்பர்ல பார்லிமெண்டுக்கு காங்கிரஸ் அதிமுக கூட்டணிக்கு 39-ல 38 குடுத்தாங்க, நம்ம தொகுதில மறுபடி வைஜயந்திமாலா. 1991-ல அதிமுகவோட ஸ்ரீதரன்.

அப்புறம் 1996-ல இருந்து நாலு தடவை திமுகவோட டி.ஆர்.பாலு. இதுல 1998 முக்கியம். அந்த வருஷம் அதிமுக பாஜக அணி தமிழ்நாட்டுல 30 சீட்டு அள்ளுச்சு, தென் சென்னை அசையல, பாலுவத்தான் அனுப்புச்சு. 2009-ல அப்படியே உல்டா, மாநிலத்துல திமுக அணிக்கு 27, பக்கத்துல வட சென்னையும் மத்திய சென்னையும் திமுக, தென் சென்னை மட்டும் அதிமுகவோட சி.ராஜேந்திரன ஜெயிக்க வெச்சுது. வித்தியாசம் 33 ஆயிரம் கூட இல்ல. 2014-ல ஜெயவர்தன், 30 வயசு கூட ஆகாத டாக்டரு. 2019, 2024 ரெண்டுலயும் தமிழச்சி தங்கபாண்டியன்.

1962, 1998, 2009. மூணு தடவை மாநிலம் போன வழிக்கு போகாத தொகுதி இது. எந்த கட்சியும் இது என் கோட்டைன்னு மார்தட்ட முடியாத தொகுதியா இருந்ததாலதான் எல்லா கட்சியும் இங்க பெரிய ஆளா பாத்து நிறுத்துச்சு. இப்போ அந்த யோசிக்குற ஆளுங்கள்ல பாதி பேர் லிஸ்ட்லயே இல்ல, இருந்தாலும் வர்றதில்ல. 2024 கணக்க எடுத்து பாருங்க, தொகுதில 20 லட்சம் வோட்டர், ஜெயிச்சவங்க வாங்குனது 5 லட்சத்து சொச்சம், வராதவங்க 9 லட்சத்துக்கு மேல. இதுல நான் யாரையும் குறை சொல்லல, எந்த கட்சி ஜெயிச்சிருந்தாலும் இந்த கணக்கு எனக்கு வலிக்கும்.

உங்களுக்கு எதுக்கு எழுதுறேன்னு இப்ப சொல்றேன். 2008 தொகுதி சீரமைப்புலதான் வேளச்சேரி, சோழிங்கநல்லூர்னு ரெண்டு சட்டமன்ற தொகுதி புதுசா வந்துச்சு. மயிலாப்பூர், தி.நகர், சைதாப்பேட்டை, விருகம்பாக்கத்தோட இந்த ரெண்டும் சேந்ததுதான் இன்னைக்கு தென் சென்னை. சோழிங்கநல்லூர்ல மட்டும் 6 லட்சத்துக்கு மேல வோட்டர் இருந்தாங்க, தமிழ்நாட்டுலயே பெருசு. அதாவது இந்த தொகுதியோட எடை நம்ம பக்கம் சாஞ்சு பல வருஷம் ஆச்சு, நாமதான் இன்னும் வாடகைக்கு வந்தவங்க மாதிரி இருக்கோம்.

2025 நவம்பர்ல வோட்டர் லிஸ்ட் தீவிர திருத்தம்னு வீடு வீடா படிவம் குடுக்க வந்தாங்க இல்ல, அப்போ ஒரு நாள் நான் தெரிஞ்சவங்கள பாக்க ஒரு பெரிய குடியிருப்புக்கு போனேன். பேர் வேண்டாம். கேட்டுல ஒரு அம்மா, கழுத்துல அடையாள அட்டை, தோள்ல துணிப்பை, பை நிறைய படிவம், நம்ம பூத் லெவல் ஆபீசர். செக்யூரிட்டி ஒவ்வொரு ஃப்ளாட்டா இன்டர்காம்ல கூப்பிடுறாரு, ஒருத்தர் எடுக்கல, ஒருத்தர் மீட்டிங்ல இருக்கேன்னுட்டாங்க, ஒருத்தர் கேட்லயே குடுத்துட்டு போக சொல்லுங்கன்னாங்க. வெயில்ல நின்னு நின்னு முடியாம அந்த அம்மா செக்யூரிட்டியோட ஸ்டூல்ல உக்காந்து தண்ணி கேட்டாங்க. இது எனக்கு மூணாவது நடை சார், பக்கத்து தெருல எல்லாரும் கூப்பிட்டு உக்கார வெச்சு எழுதி குடுத்தாங்க, இங்கதான் உள்ளயே விட மாட்டேங்குறாங்க, ஆள் இல்லன்னுதான் நான் எழுதணும்னாங்க. உள்ள முந்நூறு குடும்பம் இருக்கு. சாப்பாடு கொண்டு வர்ற பையனுக்கு ஒரு நொடில திறக்குற கேட்டு அது.

டிசம்பர்ல வரைவு பட்டியல் வந்துச்சு, சென்னை மாவட்டத்துல மட்டும் 14 லட்சத்துக்கு மேல பேர் காணோம். இறந்தவங்க, இடம் மாறினவங்க, ரெண்டு இடத்துல இருந்தவங்க நெறைய, அது நீக்க வேண்டியதுதான், அதனாலதான் நம்ம சதவீதமும் இத்தனை வருஷம் இருக்கறத விட கம்மியா தெரிஞ்சிருக்கும்னு நானும் ஒத்துக்கறேன். ஆனா உள்ள குடியிருந்துகிட்டே ஆள் இல்லன்னு போன பேரும் அதுல இருக்கு, அந்த பேருக்கு நம்ம கேட்டும் ஒரு காரணம்.

கட்சிக்காரங்க ஏன் நம்ம பக்கம் வர்றதில்லன்னு குரூப்ல அடிக்கடி கேப்பீங்க. ஒவ்வொரு பூத்லயும் யாருக்கு எத்தனை வோட்டு விழுந்துச்சுன்னு படிவம் 20-ல வெளியிடுறாங்க, எல்லா கட்சி ஆபீஸ்லயும் அத வரி வரியா படிக்குற ஆள் இருக்கு. கண்ணகி நகர்ல, பெரும்பாக்கத்துல, செம்மஞ்சேரில ஆத்தோரத்துல இருந்து தூக்கிட்டு வந்து போட்ட ஜனங்க, காலைல ஏழு மணிக்கு கைக்குழந்தையோட வரிசைல நிக்கிறத நான் பாத்திருக்கேன், அவங்கள தேடி வேட்பாளர் போறாரு. 2015-லயும் தண்ணி வந்துச்சு, 2023-ல மிக்ஜாம் புயல்லயும் வந்துச்சு, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்த சுருக்கி சுருக்கி கட்டுன ஊர்ல நம்ம இருக்கோம், அந்த தண்ணி எங்க போகணும்னு டெல்லில கேக்க வேண்டியவர நம்ம கேட்டாகணும் இல்லையா. நம்ம பூத்ல இருநூறு வோட்டு விழுந்தா அவர் எதுக்கு நமக்கு பதில் சொல்லணும்?

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. பூத் லெவல் ஆபீசர் வந்தா கேட்டுல நிறுத்தாதீங்க, கிளப் ஹவுஸ்ல ஒரு மேஜை, ஒரு ஃபேன், ஒரு சொம்பு தண்ணி குடுங்க. புதுசா சேக்க படிவம் 6, வீடு மாறினவங்களுக்கும் திருத்தத்துக்கும் படிவம் 8, இத குடிவந்தவங்க மூவ்-இன் பண்ணும்போது குடுக்குற பேப்பரோட சேத்து குடுத்துடுங்க, கேஸ் கனெக்‌ஷன் மாத்துறப்பவே வோட்டையும் மாத்திடுவாங்க. வாடகைக்கு இருக்குறவங்களுக்கும் இங்க வோட்டு உண்டு, ஓனர் தான் வோட்டருன்னு நினைக்காதீங்க, இது நெறைய பேருக்கு தெரியல. பெரிய குடியிருப்புக்குள்ளயே பூத் வைக்க தேர்தல் கமிஷன் வழி வெச்சிருக்கு, உங்க ஹால் போதுமான அளவு இருந்தா மாவட்ட தேர்தல் அதிகாரிக்கு எழுதி கேளுங்க. தேர்தல் நேரத்துல எல்லா வேட்பாளரையும் ஒரே மாதிரி உள்ள விடுங்க, ஒரு கட்சிய விட்டு இன்னொன்ன தடுக்காதீங்க, வந்தா முதல்ல வெள்ளத்த பத்தி கேளுங்க.

அப்புறம் உங்க செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் அக்கா இவங்கள்ல பல பேருக்கும் நம்ம தொகுதிலதான் வோட்டு. போன தடவை எங்க பிளாக்ல வேலை செய்யுற அக்கா, லீவு கேக்க பயந்து சாயங்காலம் அஞ்சே முக்காலுக்கு ஓடிப்போய் போட்டாங்க. சம்பளம் பிடிக்காம லீவு குடுக்கணும்னு சட்டமே இருக்கு, அன்னைக்கு ஒரு நாள் நம்ம குப்பைய நாமளே கீழ கொண்டு போயிடலாம்.

எங்க குடியிருப்புல மாசத்துல ரெண்டாவது சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு நானும் ரெண்டு ரிட்டயர்டு டீச்சருங்களும் மேஜை போட்டு உக்காருறோம், போன மாசம் அந்த நாலாவது மாடி அம்மாவுக்கு படிவம் 6 எழுதி அனுப்பியாச்சு. உங்க இடத்துலயும் உக்காரணும்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, வர்றோம். கேட்டுல மட்டும் சொல்லி வெச்சிடுங்க.

அன்போட,
வேளச்சேரில இருந்து ஒரு தென் சென்னை வோட்டர்