கணக்கு சீட்டில் உட்காரும் முன்: சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, அம்பாசமுத்திரத்திலிருந்தும் ராதாபுரத்திலிருந்தும் விடியற்காலை பஸ் பிடித்து வந்திருக்கும் உறுப்பினர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

கருவூலம், உள்ளாட்சி நிதித் தணிக்கை, மாநகராட்சி, ஊராட்சி ஒன்றியம் என்று அரசுப் பணத்தின் கணக்கோடு வாழ்கிறவர்களும் வாழ்ந்து ஓய்வு பெற்றவர்களும் சேர்ந்தது நம் சங்கம். 1986இல் நம் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தூத்துக்குடி தனி மாவட்டம் ஆனது. 2019 நவம்பரில் தென்காசியும் பிரிந்தது. ஆனாலும் அந்தப் பக்கத்து உறுப்பினர்கள் யாரும் நம்மை விட்டுப் போகவில்லை. கூட்டத்துக்கு முதலில் வந்து நாற்காலி எடுத்துப் போடுகிறவர்கள் இன்றும் அவர்கள்தான். இந்த ஆண்டில் நம்மைப் பிரிந்த மூத்த உறுப்பினர்களுக்குக் கூட்டத் தொடக்கத்தில் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினோம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. உறுப்பினர் சேர்க்கை, சந்தா, வரவு செலவு எல்லாம் பொருளாளர் தனியாக வாசிப்பார். ஒன்றை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன். 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி நம் கணக்கைத் தணிக்கை செய்ய வேண்டும். இந்த ஆண்டும் உறுப்பினர் அல்லாத ஒருவரிடமே அதைக் கொடுத்தோம். நம்மில் தணிக்கை தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கும்போது வெளியாளுக்கு ஏன் கட்டணம் என்று சிலர் கேட்டார்கள். தன் கணக்கைத் தானே தணிக்கை செய்யக் கூடாது என்று முப்பது வருடம் ஊருக்குச் சொன்னவர்கள் நாம். அந்தச் செலவை நான் வீண் செலவாக நினைக்கவில்லை.

சரி, இனி இந்த ஆண்டின் முக்கிய வேலைக்கு வருகிறேன்.

பாளையங்கோட்டை மகாராஜநகரில் உறுப்பினர் ஒருவர் தம் வீட்டு மாடியைக் கொடுத்ததால் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு தடையில்லாமல் நடந்தது. தேர்வாணையம் மே, டிசம்பர் மாதங்களில் நடத்தும் துறைத் தேர்வுகளில் சார்நிலை அலுவலர்களுக்கான கணக்குத் தேர்வுக்குத்தான் முதலில் இதைத் தொடங்கினோம். தேர்ச்சி பெற்றவர்கள் இனிப்போடு வந்து சொன்னார்கள், மகிழ்ச்சி. ஆனால் இந்த வகுப்பு தேர்வுக்கு மட்டும் போதாது என்று எனக்குப் புரியவைத்தது ஒரு பெண் கேட்ட கேள்வி.

பணியில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. எந்த அலுவலகம் என்பது வேண்டாம். இருந்த கேஷியர் மாறுதலில் போய்விட்டார். இந்தப் பெண்ணை அந்த சீட்டில் உட்காரவைத்து, பெட்டிச் சாவியையும் கையில் கொடுத்துவிட்டார்கள். வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு படிக்கட்டில் நின்றுகொண்டு கேட்டது: "அண்ணாச்சி, ரெண்டு மாசமா கேஷ் புக் முடிக்கலை. நான் எந்தத் தேதியில இருந்து எழுதணும்? முந்தினதுக்கும் நான்தான் கையெழுத்துப் போடணுமா?"

கேட்கும்போதே குரல் நடுங்கியது. அங்கேயே படியில் உட்காரவைத்துச் சொன்னேன். பொறுப்பு எடுக்கும் நாளில் அலுவலகத் தலைவர் முன்னிலையில் பெட்டியில் இருக்கும் பணத்தை எண்ண வேண்டும். கையிருப்பை எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, கொடுத்தவர், எடுத்தவர், அதிகாரி என்று மூவரும் கையெழுத்திட வேண்டும். பட்டுவாடா ஆகாமல் நிற்கும் தொகை, காசோலைப் புத்தகம், ரசீதுப் புத்தகம் ஒவ்வொன்றையும் எண் வாரியாகப் பட்டியலில் கொண்டுவர வேண்டும். முன்னவர் முடிக்காத நாட்களை அவர்தான் வந்து முடித்துத் தர வேண்டும். அதுவரை அந்தப் பக்கங்களில் ஒரு சுருக்கொப்பம்கூடப் போடாதே என்றேன். தவறாக எழுதிவிட்டால் சுரண்டக் கூடாது, வெள்ளை மை தடவக் கூடாது. சிவப்பு மையில் அடித்து, சரியானதை மேலே எழுதி, தேதியோடு அதிகாரியின் சுருக்கொப்பம் வாங்க வேண்டும். அடித்த எண்ணும் படிக்கும்படி தெரிய வேண்டும். அந்தப் பெண் தன் பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டது.

இது ராக்கெட் விடும் அறிவு இல்லை, அரை மணி நேரப் பாடம். அந்த அரை மணி நேரத்தை யாரும் தராததால்தான், பின்னால் ஒரு நாள் கணக்கில் குறை காட்டும் தணிக்கைத் தடை வருகிறது. பிறகு விளக்கக் குறிப்பாணை வருகிறது, சம்பளத்தில் ரிகவரி வருகிறது. திருடாதவன் திருடனைப் போலத் தலைகுனிந்து நிற்கிறான். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நம் உறுப்பினர் ஒருவருக்கு இந்த ஆண்டு நடந்ததையும் பதிவு செய்ய வேண்டும். ஓய்வு பெற்று மாதங்கள் ஆகியும் பணிக்கொடை வரவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் அவர் பொறுப்பில் இருந்தபோது எழுந்த ஒரு தணிக்கைப் பத்தி, அதாவது தணிக்கை அறிக்கையில் எழுதிய ஒரு குறை, நிலுவையில் இருந்ததுதான் காரணம். தொகை சிறியது, கேட்டது ஒரே ஒரு செலவுச் சீட்டு. பதில் எழுதத் தெரியாமல் வருடா வருடம் "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்து காய்ந்த கட்டுகளுக்குள் அந்தச் சீட்டு இருந்தது. நம் ஆட்கள் மூன்று பேர் அனுமதி வாங்கி இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்தார்கள். ஒட்டிக்கொண்ட தாள்களைக் கிழியாமல் பிரிக்க அலுவலக மேசையின் இரும்பு ஸ்கேலைப் பயன்படுத்தினார்கள். சீட்டு கிடைத்தது, மை பரவியிருந்தாலும் வவுச்சர் எண் தெளிவாக இருந்தது. பத்தி நீங்கியது, பணமும் வந்தது. அந்த அண்ணாச்சி இன்று முதல் வரிசையில் இருக்கிறார்.

வகுப்பில் எதைப் புதிதாகச் செய்தோம் என்று சொல்ல வேண்டும். கணக்குத் தலைப்புகளை மனப்பாடம் செய்ய வைப்பதை நிறுத்தினோம். நான்கு இலக்கப் பெருந்தலைப்பின் முதல் எண்ணைப் பார்த்தாலே பணத்தின் குணம் தெரியும். 0, 1 என்றால் வருவாய் வரவு. 2, 3 என்றால் வருவாய்ச் செலவு. 4, 5 மூலதனச் செலவு. 6, 7 கடன். 8 என்றால் எதிர்பாராச் செலவு நிதியும் பொதுக் கணக்கும். 2202 பொதுக் கல்வி என்று தெரிந்தவருக்கு 4202 என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பள்ளிக்கூடச் சம்பளம் ஒன்று, பள்ளிக்கூடக் கட்டடம் இன்னொன்று. மார்ச் கடைசி வாரத்தில் தவறான தலைப்பில் பில் போட்டு அது திரும்பி வருவது இதைப் புரியாததால்தான். பத்து வருடம் பில் போட்ட ஒரு தம்பி, "இதுவரைக்கும் இது டெலிபோன் நம்பர் மாதிரின்னுதான் நினைச்சேன் சார்" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காகவே வகுப்பு நடத்தலாம்.

அதே மாதிரி, புத்தகம் பார்த்து எழுதும் தேர்வை லேசாக நினைக்க வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னோம். நிதி விதித்தொகுப்பிலும் கருவூல விதித்தொகுப்பிலும் எந்த விதி எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடிப்பதுதான் நம் தொழிலின் பாதி. நினைவிலிருந்து விதி சொல்கிறவரைவிட, எழுந்துபோய்ப் புத்தகத்தைத் திறந்து காட்டுகிறவரை நான் நம்புவேன். ஆங்கிலத்தில் இருக்கும் சொற்களுக்கு அரசாணைகளில் வரும் தமிழ்ச் சொற்களைத் திரட்டும் வேலையும் தொடங்கியிருக்கிறது. பாதிதான் முடிந்தது, அடுத்த ஆண்டு முடிப்போம்.

அப்புறம் இணையத்தில் பில் போடும் களஞ்சியம் பற்றி. ஒருங்கிணைந்த நிதி, மனிதவள மேலாண்மைத் திட்டம் வந்த பிறகு கொக்கிரகுளம் கருவூலத்தில் பில் கட்டோடு வரிசையில் நிற்கும் காலம் போய்விட்டது. பில் தயாரிப்பவர், சரிபார்ப்பவர், ஒப்புதல் தருபவர் என்று மூன்று நிலை வைத்திருக்கிறார்கள். ஒருவர் கண்ணில் தப்பியதை இன்னொருவர் பிடிக்கட்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. சில சிறிய அலுவலகங்களில் மூன்று பாஸ்வேர்டும் ஒரே இளநிலை உதவியாளரின் டைரியில் இருக்கிறது. "சாருக்கு நேரமில்லை, நீயே போட்டுரு" என்கிறார்கள். இது நம்பிக்கை இல்லை, பெரிய ஆபத்து. அதிகாரிக்கும் ஆபத்து, அந்தப் பிள்ளைக்கு இன்னும் பெரிய ஆபத்து. அடுத்தவர் பாஸ்வேர்டை வாங்க மாட்டேன் என்று நம் வகுப்பில் படித்தவர்கள் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். அவர்களுக்குப் பின்னால் சங்கம் நிற்கும் என்பதை இந்தக் கூட்டம் பதிவு செய்ய வேண்டும்.

ஊராட்சிச் செயலர்களுக்காக இரண்டு முறை பயிற்சி வைத்தோம். 2021-26 காலத்துக்கான 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீர், சுகாதாரம் போன்றவற்றுக்குக் கட்டுண்டது, 40 விழுக்காடு கட்டற்றது. இந்தப் பிரிவினையையும் இணையவழிப் பணப் பட்டுவாடாவையும் எடுத்துச் சொன்னோம். தலைவர், துணைத் தலைவர் இருவரின் டிஜிட்டல் கையொப்பமும் செயலர் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் சொன்னோம். 2021 அக்டோபரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்த 9 மாவட்டங்களில் நம்முடையதும் ஒன்று. 2026 அக்டோபரில் அந்த ஐந்தாண்டு முடிகிறது. அதற்கு முன் ஏப்ரல் 1 முதல் 16ஆவது நிதிக்குழுவின் காலமும் தொடங்குகிறது. பழைய கணக்கை முடித்து ஒப்படைக்க ஊராட்சிகளுக்கு இருக்கும் நேரம் குறைவு. திசையன்விளைப் பக்கம் ஒரு வகுப்பு வைக்க வேண்டும் என்று போன ஆண்டே தீர்மானித்தோம். ஆள் கிடைக்கவில்லை, நடக்கவில்லை. அந்தக் குறைக்கு நான்தான் பொறுப்பு.

மார்கழியில் ஓய்வு பெற்ற தணிக்கை அதிகாரி ஒருவர் வந்து பேசினார். இங்கிலாந்தில் 1972ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 151ஆவது பிரிவு, ஒவ்வொரு உள்ளாட்சி மன்றமும் தன் நிதிக்குப் பொறுப்பாக ஓர் அலுவலரை வைக்க வேண்டும் என்கிறது. அவர் தகுதி பெற்ற கணக்காளராக இருந்தே ஆக வேண்டும் என்று 1988ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மன்றத்தின் செலவு வரவை மீறப்போகிறது என்று தெரிந்தால், மேயர் யாராக இருந்தாலும் அவர் எழுத்தில் எச்சரிக்க வேண்டும். 2023 செப்டம்பரில் பர்மிங்காம் மாநகரத்தில் அப்படித்தான் அந்த 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 114ஆவது பிரிவின்படி அறிவிப்பு வந்தது. அரசுத் துறைக் கணக்கருக்கென்றே தேர்வு நடத்திப் பட்டயம் கொடுக்கும் சிப்ஃபா என்ற கழகம் அங்கே 1885இல் தோன்றியது. தகுதி இருப்பதால்தான் அந்த அலுவலரால் "முடியாது" என்று எழுத முடிகிறது. பேச்சு முடிந்ததும் கூட்டம் வெகுநேரம் கலையவில்லை.

தகுதி பார்ப்பது நமக்கு இறக்குமதிச் சரக்கு இல்லை. சங்கரன்கோவில் சாலையில் இருக்கும் மானூர்க் கோயிலில் பாண்டியர் காலக் கல்வெட்டு, சபையில் உட்காருகிறவருக்கு என்ன படிப்பு இருக்க வேண்டும் என்று வரையறுக்கிறது. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் வாரியம் என்ற ஊர்க் குழுவுக்கு வரக் கூடாது என்றது சோழர் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு.

என் தாத்தா கர்ணம், அதாவது கிராமக் கணக்குப்பிள்ளை. அந்த வேலை பரம்பரையாக வந்தது சரியில்லை, 1980 நவம்பரில் அரசு அதை ஒழித்தது நியாயம்தான். ஆனால் சிறுவயதில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் பயிர்க் கணக்கான அடங்கலில் கூட்டல் போட்டதும், தப்பினால் அவர் பென்சிலால் புறங்கையில் தட்டியதும் ஒரு பயிற்சி. பரம்பரையோடு சேர்ந்து, கூடவே இருந்து கற்றுக்கொடுக்கும் பழக்கமும் நம் அலுவலகங்களில் போய்விட்டது. புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பவானிசாகரில் தரும் அடிப்படைப் பயிற்சி நல்ல பயிற்சி. ஆனால் அது வரும் முன்பே பலர் சீட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள். மத்தியத் தணிக்கைத் துறையில் எஸ்.ஏ.எஸ். என்ற துறைத் தேர்வு எழுதித் தேறியவர்தான் மேலே போகிறார், அந்தத் தேர்வுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. நம் மாநிலத்தில் கணக்கு சீட்டுக்கும் அந்த மரியாதை வர வேண்டும்.

ஆகவே அரசுக்கு அனுப்ப ஒரு கோரிக்கை மனுவைச் செயற்குழு தயாரித்திருக்கிறது. கணக்கு, ரொக்கப் பொறுப்புக்கு வரும் எவரும் பயிற்சி முடித்த பின்பே பொறுப்பேற்க வேண்டும். போகிறவரும் வருகிறவரும் குறைந்தது பதினைந்து நாள் சேர்ந்து வேலை பார்க்க வேண்டும். கணக்குத் தேர்வுகளை முழுதாக முடித்தவருக்கு அந்தத் துறையிலேயே மேலே போக ஒரு படிவரிசை வேண்டும். இந்தக் கடைசி அம்சத்தில் செயற்குழுவில் கருத்து வேறுபாடு இருந்தது. தனி அணி என்று ஆனால் பொதுப் பதவி உயர்வு போய்விடும் என்று சிலர் அஞ்சினார்கள். வெளியிலிருந்து சி.ஏ. படித்தவர்களைக் கொண்டுவந்து நம் தலையில் வைத்துவிடுவார்கள் என்றார்கள் வேறு சிலர். இரண்டு அச்சமும் நியாயமானவை. அதனால், விரும்பியவர் சேரும் அணியாக இருக்கட்டும், உள்ளே இருப்பவர் படித்து மேலே வர விடுப்பும் கட்டணமும் அரசே தரட்டும் என்று மனுவைத் திருத்தினோம். கணக்கை வெறுத்துக்கொண்டே அந்த சீட்டில் இருப்பவரைக் காட்டிலும், விரும்பி வந்து படித்தவர் கையில் ஊர்ப்பணம் இருப்பது நல்லது என்பது என் கருத்து. மனுவின் நகல் உங்கள் கையில் இருக்கிறது. படித்துத் திருத்தம் சொல்லுங்கள்.

மாடி தந்த உறுப்பினருக்கும், ஞாயிறுதோறும் சுக்குக் காபி போட்டுத் தந்த அவர் வீட்டு மதினிக்கும், நனைந்த கட்டுகளைப் பிரித்த மூவருக்கும், சம்பளம் வாங்காமல் பாடம் எடுத்த மூத்தவர்களுக்கும் சங்கத்தின் நன்றி. படிக்கட்டில் கேள்வி கேட்ட அந்தப் பெண் அடுத்த ஞாயிறு முதல் புதியவர்களுக்குக் கேஷ் புக் பாடம் எடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறது. வகுப்பு காலை பத்து மணிக்கு. சிவப்பு மைப் பேனா ஒன்று கொண்டு வரவும்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்