பஞ்சுக்குச்சி சோதனை இல்லாமல் ஒரு பெட்டியையும் விடாதீர்கள்: உயிருள்ள தவளை இறக்குமதிக்கு அனுமதி தரும் அதிகாரிகளுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். தவளைகளின் தோலைத் தாக்கிக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சையைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1999இல் அதற்குப் பெயர் வைத்தாயிற்று. சாலமாண்டர்களை (தவளைக்கு உறவான, வாலுள்ள நீர்நில வாழ்விகளை) கொல்லும் அதன் உறவினம் 2013இல் தெரிந்தது. இவற்றால் 501 நீர்நில வாழ் சிற்றினங்கள் எண்ணிக்கையில் சரிந்திருக்கின்றன, அவற்றில் 90 அழிந்தே போயிருக்கக்கூடும் என்று 2019இல் வந்த ஆய்வையும் படித்திருப்பீர்கள். அப்படியிருந்தும் பெட்டியைத் திறந்து, கண்ணால் பார்த்து, ‘நோய் அறிகுறி இல்லை’ என்று முத்திரை குத்தி அனுப்புவது நிற்கவில்லை.

கண்ணுக்கு எப்படித் தெரியும்? அமெரிக்கக் காளைத்தவளை பூஞ்சையைச் சுமந்துகொண்டே நன்றாக இருக்கும். பூஞ்சை பிடித்து வளர்வது கெராட்டினில், அதாவது நகத்திலும் முடியிலும் உள்ள கடினப் புரதத்தில். தலைப்பிரட்டைக்கு வாய்ப்பகுதியில் மட்டும்தான் கெராட்டின்; பூஞ்சை அங்கே ஒட்டியிருக்க, பிரட்டை சுறுசுறுப்பாக நீந்தும். கால் முளைத்து வால் சுருங்கி, உடம்புத் தோலில் கெராட்டின் ஏறும்போதுதான் தொற்று முழுக்கப் படர்கிறது. உப்புகளை உறிஞ்சும் வேலையைத் தோல் நிறுத்திவிட, இரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் இறங்கி இதயம் நின்றுபோகிறது. பின்னங்கால்களைப் பரப்பிக்கொண்டு, மல்லாத்திப் போட்டால் புரளக்கூட வலுவில்லாமல் கரையில் கிடக்கும் குட்டித் தவளைகளைப் பொறுக்குவதே களப்பணி என்றாகிவிட்டது.

கேட்பது இதுதான். அடிவயிறு, உள்தொடை, பின்னங்கால் விரலிடைச் சவ்வு ஆகிய இடங்களில் பஞ்சுக்குச்சியால் தேய்த்து, பூஞ்சையின் மரபணுவைக் கண்டறியும் பிசிஆர் சோதனைக்கு அனுப்புங்கள். விலங்குக்கு விலங்கு கையுறையை மாற்றுங்கள். முடிவு வரும்வரை பெட்டி வெளியே போகக் கூடாது.

பெட்டியில் வந்த தண்ணீரையும் அப்படியே சாக்கடையில் ஊற்றவிடாதீர்கள். ஆய்வகத்தில், ஏரித் தண்ணீரில் இந்தப் பூஞ்சை 7 வாரம் தாக்குப்பிடித்தது. ஈர மணலில் 12 வாரம் வரை. 1% சோடியம் ஹைப்போகுளோரைட் (குளோரின் ப்ளீச்) ஒரு நிமிடத்தில் அதைக் கொல்லும். ஆனால் சேறும் பாசியும் இருந்தால் குளோரின் அதிலேயே தீர்ந்துவிடும். முதலில் வடிகட்ட வேண்டும், கலன்களைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பொருட்களை 60 டிகிரி வெந்நீரில் 5 நிமிடம் வைத்தாலும் போதும்.

குளத்துக்குக் குளம் காலணியைக் கழுவு, வலையைக் காயவை என்று ஆய்வாளர்களுக்கு ஆயிரம் விதி. அவர்கள் கடைப்பிடிக்கிறார்கள். வியாபாரச் சரக்குக்கு மட்டும் ஏன் ஒரு கையெழுத்து போதும்? உலக விலங்கு சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலில் 2008 முதல் இந்த நோய் இருக்கிறதே! உறவினப் பூஞ்சை தொற்றிய சாலமாண்டர் கூண்டில் இருந்தால் 10 நாள் 25 டிகிரியில் வைத்துக் குணப்படுத்தலாம். காட்டோடையை யார் சூடாக்குவது?

கோபம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பஞ்சுக்குச்சி சோதனையைக் கட்டாயமாக்கும் உத்தரவை, அடுத்த சரக்கு வந்து இறங்குவதற்குள் பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நீர்நிலைகளில் களப்பணி செய்வோர்