கண்களைக் கழுவிவிட்ட தம்பிக்கு

கடந்த மூன்று வாரங்களாக எங்களோடு நின்ற அனைவருக்கும் வணக்கம்.

லாரியில் நெருக்கி ஏற்றிச் செல்லப்பட்டுப் பிடிபட்ட பதினேழு மாடுகளையும் வழக்கு முடியும்வரை யார் பொறுப்பில் வைப்பது என்ற உத்தரவு நேற்று மாலை கைக்கு வந்தது. பதினேழும் இனி அலைக்கழியாமல் ஓரிடத்தில் இருக்கும் என்று உறுதியான பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அந்த இரவு முதல் நேற்று வரை நடந்தவற்றை நீங்கள் உடனிருந்து பார்த்தவர்கள். அவற்றைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. யாருக்கெல்லாம் கடன்பட்டிருக்கிறேன் என்பதை மட்டும், கைநடுக்கம் அடங்குவதற்குள் எழுதிவிட நினைக்கிறேன்.

மாடுகளைக் கட்டத் தோட்டத்தைத் திறந்துவிட்டு, வாடகைப் பேச்சை எடுத்தபோது கோபித்துக்கொண்ட குடும்பத்துக்கும், கேட்காமலே டிராக்டரில் சோளத்தட்டு அனுப்பியவர்களுக்கும், பணிநேரம் முடிந்த பிறகு டார்ச் வெளிச்சத்தில் கால்சியம் பாட்டில் ஏற்றிய கால்நடை மருத்துவருக்கும், கட்டணம் வாங்காமல் வாதாடிய வழக்கறிஞருக்கும், நாங்கள் மாடுகளோடு அந்தத் தோட்டத்தில் இருந்த நாட்களில் நகரில் தெருநாய்களைக் கருத்தடைக்கு அனுப்பி, வெறிநோய்த் தடுப்பூசி போடச்செய்து, பிடித்த தெருவிலேயே திரும்பக் கொண்டுவிடும் வேலை ஒருநாளும் தடைபடாமல் பார்த்துக்கொண்ட அக்காமார்களுக்கும் என் நன்றி. உங்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியே வந்து பார்ப்பேன்.

இந்த மடலின் பெரும்பகுதி வேறொருவருக்கு உரியது. அவர் நம் விலங்கு நலக் குழுவைச் சேர்ந்தவர் அல்லர். பிடிபட்ட லாரியின் கிளீனர்; நான் கொடுத்த புகாரின்படி வழக்கில் இரண்டாம் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர். இதை எழுத வேண்டாம் என்று வழக்கறிஞர் தடுத்தார். பெயரும் ஊரும் இல்லாமல் எழுதுகிறேன் என்று சொல்லி அவரைச் சமாதானப்படுத்தியிருக்கிறேன்.

அன்றிரவு லாரியின் பின்கதவைத் திறந்தபோது, உள்ளிருந்த மாடுகளை எப்படிக் கீழே இறக்குவது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. சட்டப்பிரிவுகளை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய ஐந்து பேர் நின்றிருந்தோம். லாரியின் தளமோ நெஞ்சளவு உயரம், சாய்தளம் கிடையாது. முன்னால் நின்ற பசுவின் கயிற்றைப் பிடித்து நாங்கள் இழுக்க, அது மிரண்டு பின்வாங்கி, கீழே விழுந்து கிடந்த எருமையின் மேல் கால் வைத்தது. அப்போதுதான் காவல் நிலையத்து பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டிருந்த அந்தத் தம்பி எழுந்து, “ஏனுங்க்கா, இப்படி இழுத்தீங்கன்னா காலு ஒடிஞ்சு போயிருமுங்க. பின்னாடி மண்ணு கொட்டிக் கெடக்குதுங்களே, அங்க வண்டிய ரிவர்ஸ் எடுக்கச் சொல்லுங்க” என்றார்.

காவலர் அவரை அதட்டி உட்காரச் சொன்னார். நானும் அதையே சொல்லியிருப்பேன், எரிச்சல் அப்படி. ஆனால் வேறு வழி இல்லாததால், கட்டட வேலைக்காகக் குவித்திருந்த அந்த மண்மேட்டோடு லாரி அணைத்து நிறுத்தப்பட்டது. தளமும் மண்ணும் ஏறக்குறைய சமமாயின. அந்தத் தம்பி, குளம்பு வழுக்காமலிருக்க வைக்கோலை உதறிப் போட்டுவிட்டு, மிரளாத மாடு எது என்று பார்த்து அதை முதலில் அவிழ்த்தார். அது நடந்து இறங்கியதைக் கண்டு மற்றவையும் பின்னாலேயே வந்தன. ஒரு வாலையும் முறுக்கவில்லை, ஒரு மாட்டையும் அடிக்கவில்லை. எழ முடியாத எருமையைத் தார்ப்பாயில் புரட்டி, எட்டுப் பேராக இழுத்து இறக்கினோம்.

பிறகு அவர் ஒரு வாளித் தண்ணீர் கேட்டார். குடிப்பதற்கு என்று நினைத்தேன். தம் தோளில் கிடந்த துண்டை நனைத்து, ஒவ்வொரு மாடாகப் போய்க் கண்களைக் கழுவத் தொடங்கினார். வழியில் மாடுகள் படுத்துவிடாமலிருக்கக் கண்ணில் மிளகாய்ப்பொடி தேய்க்கும் வழக்கம் இருப்பதை இத்துறையில் உள்ளவர்கள் அறிவோம். யார் தேய்த்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தண்ணீரை நான்கு முறை மாற்றினார். முடித்தபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

புகாரை நான் திரும்பப் பெறவில்லை, பெறவும் மாட்டேன். 1978ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகள் ஒரு லாரிக்கு ஆறு மாடுகளுக்கு மேல் கூடாது என்கின்றன; நாங்கள் இறக்கியவை பதினேழு. மாட்டிறைச்சி உண்பவரோடோ, சந்தையில் மாடு விற்றுக் கடன் அடைக்கும் விவசாயியோடோ எனக்கு வழக்கில்லை என்பதையும், மதத்தின் பெயரால் லாரியை மறித்து ஆளை அடிப்பவர்களோடு எங்களைச் சேர்த்துப் பேச வேண்டாம் என்பதையும் இங்கே மீண்டும் சொல்லிக்கொள்கிறேன். நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் எழுப்பிய குரலின் தொடர்ச்சியாக 1960இல் வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில், முதல்முறைக் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமலும் ஐம்பது ரூபாய்க்கு மிகாமலும் என்றிருக்கிறது. அந்தத் தொகையை லாரி முதலாளி மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். காவல் நிலையத்தில் இரவெல்லாம் உட்காருகிறவர் கிளீனர்தான். பத்தாண்டுகளாக நான் எழுதிய மனுக்களில் லாரியின் அகலம் இருந்தது, மாட்டின் எடை இருந்தது, ஏற்றி இறக்குகிற ஆளைப் பற்றி ஒரு வரியும் இருந்ததில்லை.

ஆகவே இரண்டு காரியங்கள் செய்வதாக உங்கள் முன் ஒப்புக்கொள்கிறேன். சாட்சிக் கூண்டில் ஏறும்போது, லாரியில் பார்த்ததைச் சொல்வது போலவே அந்தத் துண்டையும் வாளியையும் பற்றிச் சொல்வேன். சோதனைச்சாவடிகளில் மாடு இறக்கச் சாய்தளம் கட்டக் கோரும் மனுவை இந்த மாதமே கொடுப்பேன். அதன் அளவை, அவர் சம்மதித்தால், அவரிடமே கேட்டு எழுதுவேன்.

சென்ற வாரம் நீதிமன்றத் தாழ்வாரத்தில் அவர் என்னைக் கண்டு, “அந்த எருமை எந்திரிச்சுதுங்களா?” என்று கேட்டார். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். பதில் சொல்ல முடியவில்லை. தம்பி, இதை யாரேனும் உங்களுக்குப் படித்துக் காட்டினால் தெரிந்துகொள்ளுங்கள்: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்தோம். மூன்றாம் நாள் விடியலில் பின்னங்கால்களை ஊன்றி, கொஞ்சம் தள்ளாடி, எழுந்துவிட்டது. இப்போது தவிட்டுத் தண்ணீர் தாமதமானால் வாளியை முட்டுகிறது.