எதிர்ச்சாரி மரங்களையாவது விட்டுவையுங்கள்

எங்கள் வார்டு அலுவலகத்தின் சாலை மரப் பிரிவினருக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தை ஜப்பானிய மொழியில் ஏற்கெனவே அனுப்பிவிட்டேன். டோக்கியோவில் இருக்கும் நம்மவர்களும் படிக்கட்டும் என்று இங்கே தமிழில்.

செப்டம்பர் முதல் வாரம் பஸ் நிறுத்தத்து கிங்கோ மரங்களைக் கவாத்து செய்தீர்கள். தலைகுனிந்து மன்னிப்புக் கேட்கும் பொம்மை போட்ட பலகையும் வைத்தீர்கள். மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் நடந்தது கவாத்து இல்லை, மொட்டை.

மறுநாள் மதியம் இரண்டு மணி பஸ்ஸுக்கு ஏழு பேர் நின்றோம். ஏழு பேரும் மின்கம்பத்தின் நிழலில், ஒருவர் பின் ஒருவராக. நிழல் ஒரு முழ அகலம்கூட இல்லை. கடைசியில் நின்ற பாட்டிக்கு அது தலைக்கு மட்டும்தான் எட்டியது. தள்ளுவண்டியில் இருந்த பாலை வெயில் படாமல் கைக்குட்டையால் மூடிக்கொண்டிருந்தார். யாரும் முணுமுணுக்கவில்லை. இந்த ஊரில் முணுமுணுக்க மாட்டார்கள். அதனால்தான் நான் எழுதுகிறேன்.

இலை குப்பை என்று புகார் வருகிறது, அடிக்கடி வெட்டப் பணமில்லை, அதனால் ஒரே தடவையில் ஒட்ட வெட்டுகிறீர்கள். தெரியும். ஆனால் அப்படி வெட்டிய இடம் அழுகும், சுற்றிக் கொத்தாகக் கிளைக்கும் புதுக் கிளைகளுக்குப் பிடிமானமும் இருக்காது. புயலில் முறிந்தால் பழி மரத்தின் மேல். தயவுசெய்து இலை உதிரும்வரை பொறுங்கள்.

வெட்டத் தெரியாத நாடா இது? கியோட்டோவின் கிதயாமாவில் கணு விழாத மரம் வேண்டும் என்று சுகி என்னும் ஊசியிலை மரத்தில் ஏறி ஏறிக் கிளை கழிக்கிறார்கள். அடிமரத்தைச் சாகவிடாமல் மேலே வளரும் தண்டுகளை மட்டும் அறுத்தெடுக்கும் 'தாய்சுகி' முறையும் அங்கேதான். இன்னொரு பக்கம், போருக்குப் பிறகு மலை மலையாக நட்ட சுகியில் எவ்வளவோ, இறக்குமதி மரம் மலிவு என்று வெட்டாமல் நிற்கிறது. அதன் மகரந்தத்தில் வசந்தம் முழுக்கத் தும்முகிறோம். 2024 முதல் காடு பராமரிக்க ஆளுக்கு ஆண்டுக்கு 1,000 யென் வரி வேறு. மலையில் வெட்ட வேண்டியதை விட்டுவிட்டு, கத்தியோடு எங்கள் நிறுத்தத்துக்கு வந்துவிட்டீர்களோ?

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். எதிர்ச்சாரியில் இன்னும் ஒன்பது கிங்கோ மிச்சம். அடுத்த வாரத் தேதி போட்டுப் பலகை கட்டியிருக்கிறீர்கள். அதை அவிழ்த்துவிடுங்கள். நவம்பர் கடைசியில் இலை மஞ்சளாகி விழட்டும், அப்புறம் அளவாக வெட்டுங்கள். கூட்டிப் பெருக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், துடைப்பம் என்னிடமே இருக்கிறது.

இப்படிக்கு,
அந்த நிழலில் ஐந்தாவதாக நின்றவன்